சும்மா உட்கார ஒரு குச்சி

எங்கள் சிவகங்கைப் பக்கம் ஒரு மனிதன் கண்மாய்க் கரையில் தனியாக உட்கார்ந்துவிட முடியாது. கொஞ்ச நேரம் போனால் விசாரணைக் கமிஷன் கூடிவிடும். முதலில் வருகிறவர், "என்னப்பா, வீட்டுல ஏதும் சண்டையா?" என்பார். அடுத்தவர் கடனா என்று விசாரிப்பார். மூன்றாமவர் எதுவும் கேட்காமல் நமக்கும் தண்ணீருக்கும் நடுவில் வந்து நின்றுகொள்வார். நாம் வீடு திரும்பும்முன் செய்தி போய்ச் சேர்ந்திருக்கும். அதே இடத்தில் அதே ஆள் கையில் ஒரு மூங்கில் குச்சியோடு பொழுதன்னிக்கும் உட்கார்ந்திருக்கட்டும், ஒருத்தரும் கவலைப்பட மாட்டார்கள். "ஏதும் மாட்டுச்சா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் போய்விடுவார்கள். நான் தூண்டில் போடப் பழகியதற்கு மீன் காரணமே இல்லை.

சாமான் அதிகம் வேண்டாம். குச்சி, தங்கூசி நரம்பு, முள், சின்ன ஈயக்குண்டு. மிதப்புக்கு மயிலிறகுத் தண்டு. இறகைக் கழித்துவிட்டு வெள்ளைத் தண்டை விரல் நீளத்துக்கு நறுக்கி நரம்பில் கட்டினால், கடையில் விற்கிற பிளாஸ்டிக் மிதப்பெல்லாம் கிட்டே நிற்க முடியாது. பாத்திரம் கழுவுகிற தண்ணீர் பாயும் வாழைமரத்தடியைக் கிளறினால் மண்புழு. அதை ஈரமண்ணோடு கொட்டாங்குச்சியில் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கொட்டாங்குச்சி அடுப்படிப் பக்கம் வரக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். மேல்முறையீடு கிடையாது.

தூண்டில்காரனுக்கு மிதப்பு மேல கண் என்பார்கள். கண் அங்கே பழகிவிட்டால் தண்ணீருக்குள் யார் வந்திருக்கிறார்கள் என்று மேலிருந்தே சொல்லிவிடலாம். கெண்டைக்குஞ்சுகள் சந்தையில் விலை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவர்கள் மாதிரி. மிதப்பு துளித்துளியாகத் துடிக்கும், தூக்கிப் பார்த்தால் புழு இருக்காது. ஜிலேபி வந்தால் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு ஓடும். கெளுத்தி ஒரே முழுக்காக முழுக்கிவிடும். அதை முள்ளிலிருந்து கழற்றுவது தனிக் கலை. முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று மூன்று முள் வைத்திருக்கிறது; குத்தினால் அன்றைக்குச் சோறு பிசைய அடுத்த கைதான். மிதப்பு அவசரமே இல்லாமல் நகர்ந்தால் நண்டு. மேலே தூக்கும்வரை இரையைப் பிடித்துக்கொண்டே வரும், நம்மை ஒரு பார்வை பார்க்கும், விட்டுவிட்டுப் போய்விடும்.

என் பக்கத்தில் எப்போதும் பெரியப்பா இருப்பார். அவர் வீட்டில் பேசினால் தெருக்கோடிக்குக் கேட்கும். கண்மாய்க் கரையில் அவர் பேச்சு முழுக்க "ம்" தான். மீன் கடித்தாலும் "ம்". கடிக்காவிட்டாலும் "ம்", கொஞ்சம் நீளமாக. ஆனால் மனிதர்கள் முகம் பார்த்துச் சொல்ல முடியாததை மிதப்பைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று எனக்குக் கற்றுக் கொடுத்தவர் அவர்தான். மகன் நிலத்தை விற்கச் சொல்கிறான் என்பதை ஒரு சாயங்காலம் தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னார். நானும் தண்ணீரைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டேன். ஆறுதல் சொல்ல வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு ஒரு ஜிலேபி மாட்டிவிட்டது. நான் சொல்ல இருந்ததைவிட அது நல்ல ஆறுதல்.

கண்மாயில் மீன்பாசி ஏலம் போய்விட்டால் எங்களுக்குச் சிக்கல். ஏலம் எடுத்தவர் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை வாங்கி விட்டிருப்பார். காவலுக்கு ஓர் ஆள் மொபெட்டில் சுற்றிவருவார். முதல் தடவை அவர் வந்தபோது குச்சியைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட்டேன். அவர் என் பையை வாங்கி உள்ளே பார்த்தார். இன்னொரு தடவை ஆழமாகப் பார்த்தார். பிறகு ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "நீங்க உக்காருங்கண்ணே. உங்களால கண்மாய்க்கு நட்டம் ஒண்ணும் வராது."

காலிப் பையோடு வீடு திரும்புகிறவனுக்கு இயற்கை அறிவியல் தெரிந்திருக்க வேண்டும். ஆப்பிரிக்காவில் பிறந்து 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபி, இன்று அழைப்பில்லாமல் எல்லாக் குளத்திலும் குடியேறிவிட்டது. அதில் தாய் மீன் முட்டைகளை வாயிலேயே வைத்து அடைகாக்கும். அந்த நாட்களில் அது பெரும்பாலும் பட்டினிதான். "இன்னைக்கு எல்லாம் தாய் மீனா இருந்துச்சு" என்று நான் சொன்னால் அதற்குப் பின்னால் விஞ்ஞானம் நிற்கிறது. என் மனைவிக்கு விஞ்ஞானத்தில் நம்பிக்கை இல்லை.

நழுவிப்போன மீன் சொல்லச் சொல்ல வளரும் என்று தூண்டில்காரர்களைக் கேலி செய்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் நான் சொல்வது தரங்கம்பாடிக் கதை. டேனிஷ் கம்பெனியில் லெப்டினன்டாக இருந்த டால்டார்ஃப், 1791 நவம்பரில், குளத்தங்கரைப் பனைமரத்தில் ஐந்தடி உயரத்தில் ஏறிக்கொண்டிருந்த மீனைப் பிடித்ததாக எழுதினார். 1797-ல் லண்டன் லின்னேயன் சங்கம் அதை அச்சிட்டது. அதுதான் நம் பனையேறிக் கெண்டை. தண்ணீருக்கு வெளியே மூச்சுவிட அதற்குத் தனி உறுப்பு உண்டு. செவுள் மூடியில் இருக்கிற முட்களை ஊன்றி ஈரத்தரையில் நகர்ந்தும் போகும். மரம் ஏறுமா என்பதில் அறிஞர்களுக்குச் சந்தேகம் தீரவில்லை. மரத்தில் மீன் பிடித்தவருக்கு லண்டனில் மரியாதை. முழங்கை நீள விரால் நழுவியது என்று சொன்னால் எனக்கு வீட்டில் சிரிப்பு. நான் சீமைக்கு எழுதிப் போடாததுதான் வித்தியாசம்.

கோடையில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் கண்மாய் அழிப்பு. ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தா, கச்சா, வலை, கொசுவலை, பழைய சேலை என்று கிடைத்ததோடு ஊரே உள்ளே இறங்கும். நான் வருஷம் பூராவும் புழு போட்டு வளர்த்த மீனெல்லாம் கொஞ்ச நேரத்தில் அடுத்தவர் பைக்குள் போய்விடும். அன்றைக்குப் பிடித்ததை விற்பது வழக்கமில்லை. வீட்டுக் குழம்புக்கும் சொந்தக்காரர்களுக்கும்தான். போன தடவை, சேற்றோடு கரையேறிய பக்கத்து வீட்டுப் பையன், வெறுங்கையோடு நின்ற என்னைப் பார்த்து மனசு கேட்காமல் ஒரு விராலைக் கையில் திணித்துவிட்டுப் போனான்.

மனைவி அதைச் சாம்பல் போட்டு உரசி, வழுவழுப்புப் போகக் கழுவி, மண்சட்டியில் புளியைக் கரைத்து ஊற்றிக் குழம்பு வைத்தாள். மதுரையிலிருந்து வந்திருந்த அவள் தம்பி, முதல் வாய் சோற்றிலேயே சொக்கிப்போனான்.

"என்ன இரை போட்டீங்க மாமா?"

"தவளைக்குஞ்சு, மாப்ளே. விராலுக்கு அதுதான்."

பரிமாறிக்கொண்டிருந்தவள் ஒன்றும் பேசவில்லை. என் தட்டில் மட்டும் வால் துண்டு விழுந்தது.