குத்தாமலே குத்திய காது

என் பேத்தி பிறந்த பன்னிரண்டாம் நாள், குளிப்பாட்ட வரும் ஆயாதான் அதைக் கண்டுபிடித்தார். பின்கட்டில் காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்மேல் கிடத்தி வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் சட்டென்று செம்பைக் கீழே வைத்தார்.

"ஏம்மா, பாப்பாவ எறும்பு கடிச்சிருக்கு போல. காதோரம் வந்து பாரு."

ஓடிப்போய்ப் பார்த்தோம். வலது காதின் மேல்மடிப்பு கன்னத்தோடு சேரும் இடத்தில், குண்டூசி முனையால் தொட்டு எடுத்தது மாதிரி ஒரு புள்ளி. துண்டால் ஒற்றியும் போகவில்லை. எறும்பு கடித்தால் தடிக்கும். இது உள்ளே குழிந்திருந்தது. என் மனைவி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள்: "துளை. முருகன் அங்கேயே காது குத்தி அனுப்பியிருக்கான்."

குன்றத்தூரில் குடியிருப்பவர்களுக்கு எது நடந்தாலும் முருகன்தான் முதல் சந்தேக நபர். மலைமேல் இருக்கிறார், எல்லோரையும் பார்த்துக்கொண்டிருக்கிறார், 84 படி ஏறிப் போனால் விசாரிக்கலாம். அதிலும் காது குத்து அவர் இலாகா. முகூர்த்த நாளில் அடிவாரத்தில் நின்றால், மொட்டைத் தலையில் சந்தனமும் கண்ணில் கண்ணீருமாக எத்தனை குழந்தைகள் தாய்மாமன் மடியில் உட்கார்ந்திருக்கின்றன என்று எண்ணி மாளாது.

எங்கள் வீட்டுத் தாய்மாமன், அதாவது என் மகன், செய்தி கேட்டு மகிழ்ந்தான். "அப்போ நான் சீர் பாதி செஞ்சா போதும்பா." எனக்கு நேர்மாறான கவலை. இரண்டு காதுக்கு இரண்டு கம்மல் என்றுதான் பட்ஜெட் போட்டு வைத்திருந்தேன். தங்கம் விற்கிற விலையில் மூன்றாவதாக ஒரு துளை என்றால் யார் தாங்குவது?

இதற்குள் என் மகள் அழ ஆரம்பித்துவிட்டாள். தலைப்பிரசவத்துக்கு வந்தவளை அழவிடலாமா? "ஒண்ணுமில்லம்மா" என்றேன். அந்தச் சொல்லைத்தான் நான் சொல்லியிருக்கக் கூடாது. ஒன்றுமில்லை என்று அப்பா சொன்னால் ஏதோ இருக்கிறது என்று அவளுக்கு ஐந்து வயதிலிருந்தே தெரியும்.

வீடியோ காலில் சம்பந்தியம்மா வந்தார். குழந்தையின் காதை கேமராவுக்குப் பக்கத்தில் காட்டினோம். சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "எங்க பக்கத்துல யாருக்கும் இப்படி இல்லையே" என்றார். என் மனைவி மறுநொடியே, "எங்க பக்கத்துலயும் இல்லீங்க சம்பந்தி" என்றாள். எங்கள் மலைக்கோயிலில் ஒரு விசேஷம் உண்டு. சந்நிதியில் ஒரு பக்கம் நின்று பார்த்தால் முருகனோடு வள்ளி மட்டும் தெரிவாள். மறுபக்கம் போனால் தெய்வானை மட்டும். இருவரையும் ஒருசேரப் பார்க்க முடியாது. இரண்டு சம்பந்திகளும் அப்படித்தான் நின்றார்கள். அவரவர் நின்ற இடத்திலிருந்து அடுத்த வீட்டுக் குறை மட்டுமே தெரிந்தது.

பெங்களூரில் இருக்கும் மாப்பிள்ளை நல்ல பையன். ஆனால் தூக்கம் வரவில்லை என்றால் போனை எடுத்துத் தேட ஆரம்பித்துவிடுவார். இரவு ஒரு மணிக்கு எனக்குச் செய்தி வந்தது: "மாமா, இதுக்குப் பேரு ப்ரீ ஆரிகுலர் சைனஸ். கிட்னி ஸ்கேன் எடுக்கணும்னு போட்டிருக்கு." காதில் கிளம்பிய கவலை ஒரே ராத்திரியில் சிறுநீரகம் வரை வந்துவிட்டது. குன்றத்தூரிலிருந்து பல்லாவரம் போவதற்குக்கூட சாயங்கால நேரத்தில் அதைவிடக் கூடுதலாக ஆகும்.

காலையில் அந்தப் பெயரை வீட்டில் படித்துக் காட்டினேன். முதல் இரண்டு சொல் யார் காதிலும் ஏறவில்லை. மூன்றாவது சொல் தெருமுனை வரை கேட்டது. "என்னது, பொறந்த குழந்தைக்கு சைனஸா?" அனகாபுத்தூரிலிருந்து வந்திருந்த என் அக்கா என் மகளைப் பிடித்துக்கொண்டாள். "மாசமா இருக்கும்போது ஐஸ்கிரீம் சாப்பிடாதடின்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டியா?" பக்கத்து வீட்டம்மா சாம்பிராணிப் புகையைத் துளைக்குக் காட்டச் சொன்னார். ஆயா, ரெண்டு சொட்டு நல்லெண்ணெய் விட்டுப் பிதுக்கினால் அழுக்கு வந்துவிடும் என்றார். ஒரு தூரத்து உறவினர், அந்தப் பக்கத் துளை இருந்தால் ராஜயோகம் என்றார். எந்தப் பக்கம் என்று கேட்டதற்கு, உங்கள் குழந்தைக்கு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் என்றார். எங்கள் ஊர்க்காரர் சேக்கிழார் நாயன்மார்கள் 63 பேரின் கதையை 4,000-க்கும் மேற்பட்ட பாடல்களில் சொல்லி முடித்துவிட்டார். அந்த இரண்டு நாளில் எங்கள் வீட்டுக்கு வந்த யோசனைகளைப் பாடுவதென்றால் அவரே ஏட்டை மூடி வைத்திருப்பார்.

அடுத்து, எந்த டாக்டர் என்கிற சண்டை. காதுக்கு ஈ.என்.டி. என்றாள் மனைவி. சிறுநீரகத்துக்குத் தனி ஆள் வேண்டும் என்றார் மாப்பிள்ளை. நேராக எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கே போய்விடலாம் என்றாள் அக்கா. "மொதல்ல நம்ம தெரு குழந்தை டாக்டர்கிட்ட காட்டுவோம், அவங்க சொல்றத கேப்போம்" என்றாள் என் மகள். இரண்டு வாரத் தாய்க்கு இருந்த தெளிவு, அறுபத்திரண்டு வயசுத் தாத்தாவுக்கு இல்லை.

ஒரு குழந்தைக்கு ஐந்து பேர் துணையாகப் போனோம். டாக்டரம்மா எங்கள் படையைப் பார்த்துப் பயப்படவில்லை, பழகியிருப்பார். குழந்தையின் இரண்டு காதையும் பார்த்தார். பிறகு நாங்கள் யாரும் பார்க்காத இடங்களைப் பார்த்தார்: கழுத்தின் இரண்டு பக்கமும், தாடை, அண்ணம், கண், விரல்கள். கடைசியாக, பிரசவம் பார்த்த இடத்தில் கொடுத்த ஃபைலைக் கேட்டார். புரட்டிவிட்டு ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"இதுலயே எழுதியிருக்காங்களே. நீங்க பாக்கலையா?"

வலது காது என்று போட்டு, அருகே மூன்று எழுத்தில் ஒரு சுருக்கம், ஒரு கூட்டல் குறி. அந்த ஃபைலில் ஐந்து பக்கம். நாங்கள் படித்தது ஒரே ஒரு வரி: பிறந்த நேரம். அதுவும் ஜோசியருக்காக.

"காதுமடல் எப்படி உருவாகுது தெரியுமா?" என்று டாக்டரம்மா ஒரு தாளில் படம் போட்டார். கருவுக்கு ஆறு வாரம் ஆகும்போது காது வர வேண்டிய இடத்தில் ஆறு சின்ன மேடுகள் எழும்புகின்றன. வில்ஹெல்ம் ஹிஸ் என்கிற 19-ஆம் நூற்றாண்டு சுவிட்சர்லாந்து உடற்கூறு அறிஞர் விவரித்ததால், அந்த மேடுகளுக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான். ஆறும் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே காதாகின்றன. சேரும்போது எங்கேயாவது ஒரு தையல் விட்டுப்போனால், அந்த இடத்தில் இப்படி ஒரு துளையும், உள்ளே முட்டி நிற்கும் ஒரு சின்னக் குழாயும் தங்கிவிடும். மூக்கடைப்புக்கும் இந்த சைனஸுக்கும் சம்பந்தமே இல்லை. ஐஸ்கிரீம் நிரபராதி.

நான் அசந்துபோனேன். சரவணப் பொய்கையில் ஆறு குழந்தைகள். பார்வதி ஒருசேர அணைத்ததும் ஒரே முருகன். அதே கணக்கு ஒவ்வொரு காதிலும் நடக்கிறது என்றால் என் மனைவி சொன்ன தீர்ப்பு அவ்வளவு தவறில்லை. அணைப்பில் கொஞ்சம் அவசரம், அவ்வளவுதான். இதை வெளியே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஆண்டு முழுக்க அவள் அதையே சொல்லிக்காட்டுவாள்.

"உலகத்துல எல்லா ஊர்லயும் இருக்குது. அமெரிக்காவுல நூத்துக்கு ஒருத்தருக்கும் கம்மி. ஆப்பிரிக்காவுல சில இடங்கள்ல நூத்துக்கு நாலுல இருந்து பத்து பேர் வரைக்கும்" என்றவர், "குடும்பத்துல யாருக்காவது உண்டா?" என்று கேட்டார்.

"இல்லை" என்று ஐந்து குரல் ஒரே சுருதியில்.

அவர் என்னையே பார்த்தார். "ஐயா, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க." திரும்பினேன். நரைத்த கிருதாவை ஒரு விரலால் ஒதுக்கினார். அறையே அமைதியானது. என் வலது காதோரத்தில், அறுபத்திரண்டு வருஷமாக, அச்சு அசல் அதே துளை.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். தன் காதும் தெரியாது. ஆனால் முப்பத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு? என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள். "சொல்றது எதுவும் இவர் காதுல ஏறலைன்னு தெரியும் டாக்டர். கூடுதலா ஒரு ஓட்டை இருந்தும் ஏறலைன்னு இப்பத்தான் தெரியுது."

"உங்களுக்குக் காது நல்லா கேக்குதா ஐயா?" என்றார் டாக்டரம்மா. நான் வாய் திறப்பதற்குள், "அவருக்கு வேண்டியது மட்டும் கேக்கும்" என்று பதில் போனது. "அது இந்த சைனஸால வர்றது இல்லீங்க" என்றார் டாக்டரம்மா, முகத்தில் சிரிப்பே காட்டாமல்.

இது பரம்பரையாக வரும்; நடுவில் ஒரு தலைமுறையைத் தாண்டியும் குதிக்கும். வீடு திரும்பியதும் நான் செய்த முதல் வேலை, சம்பந்தியம்மாவுக்கு போன் செய்து ஒத்துக்கொண்டது. எதிர்முனையில் கொஞ்ச நேரம் மௌனம். நாகரிகமான வெற்றி மௌனம்.

மாப்பிள்ளையின் சிறுநீரகக் கேள்விக்கும் பதில் இருந்தது. அவர் படித்தது பொய்யில்லை, பாதியைப் படித்திருக்கிறார். காதோரத் துளையோடு கழுத்திலும் துளையோ, காது வடிவத்தில் கோளாறோ, உடம்பில் வேறு பிறவிக் குறைபாடோ இருந்தால், அல்லது குடும்பத்தில் பிறவிச் செவிடோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் ஸ்கேனும் நிபுணரும் அவசியம். துளை மட்டும் தனியாக இருந்தால் எண்ணெய் வேண்டாம், புகை வேண்டாம், பிதுக்கவே வேண்டாம். சிவந்தால், வீங்கினால், சீழ் வடிந்தால் ஈ.என்.டி.யிடம் போக வேண்டும். திரும்பத் திரும்பச் சீழ் கோத்தால் அறுவை சிகிச்சை செய்து அந்தக் குழாயையே எடுத்துவிடுவார்கள்.

"அப்போ ஒண்ணும் செய்ய வேண்டாமா?" என்றேன். இவ்வளவு பேர் வந்து ஒரு டானிக்கூட எழுதாமல் அனுப்புகிறாரே, யாருக்குக் காது குத்துகிறார் என்று ஒரு சந்தேகம்.

"ஒண்ணு செய்யணும். காது கேக்குதான்னு பாக்கணும்."

மூன்று நாளாக நாங்கள் அந்தத் துளையைத்தான் பார்த்தோம். பக்கத்தில் இருந்த காதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

அந்தச் சோதனை எனக்குப் பிடித்திருந்தது. பால் குடித்துத் தூங்கும் குழந்தையின் காதில் ஒரு மெல்லிய பஞ்சுமுனை போன்ற கருவியை வைத்து, சின்னச் சின்ன ஒலியை அனுப்புகிறார்கள். நல்ல உட்காது அதைக் கேட்பதோடு நிற்காமல், தன் பங்குக்கு மிக மெல்லிய ஒலியொன்றைத் திருப்பி அனுப்பும். டேவிட் கெம்ப் என்கிற ஆங்கிலேயர் 1978-இல் இதைக் கண்டுபிடித்து வெளியிட்டார். சில நிமிஷத்தில் முடிந்துவிட்டது. பேத்தியின் இரண்டு காதும் பதில் சொல்லின. எங்கள் வீட்டில் கேட்டதற்கு உடனே பதில் சொல்லும் முதல் காது அதுதான்.

மறுவாரம் முடி வெட்டிக்கொள்ளப் போனபோது சலூன்காரரிடம் கதையைச் சொன்னேன். கத்தரிக்கோலை நிறுத்தாமலே, "அதுவா சார்? இருபது வருஷமா அதுல முடி போயிடாம துடைச்சு விடுறேனே. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றார்.

உங்கள் வீட்டில் குழந்தை பிறந்திருந்தால் ஒரு வார்த்தை. காதோரத்தில் துளை இருக்கிறதோ இல்லையோ, ஒரு மாதத்துக்குள் செவித்திறன் சோதனையைச் செய்துவிடுங்கள். குறை இருந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதி செய்து, ஆறு மாதத்துக்குள் சிகிச்சையைத் தொடங்கிவிட வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. பிறவிச் செவிடு, மத்திய அரசு 2013-இல் தொடங்கிய குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தின் 30 நோய்கள் பட்டியலிலேயே இருக்கிறது. காதோரத் துளை அந்தப் பட்டியலில் இல்லை. பிறகு, ஃபைலில் பிறந்த நேரத்துக்குக் கீழே இருப்பதையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.