சொன்ன வண்ணம் புரள்பவன்

காஞ்சிபுரம் திருவெஃகாவில் பள்ளிகொண்டிருப்பவருக்குச் சொன்ன வண்ணம் செய்த பெருமாள் என்று பெயர். சீடன் கணிகண்ணனைப் பல்லவ மன்னன் ஊரைவிட்டுத் துரத்த, திருமழிசையாழ்வாரும் கூடவே கிளம்பினார். ஆழ்வார் பாடிக் கூப்பிட்டதும் பெருமாள் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னால் போனார். திரும்பி வரச் சொன்னபோது வந்து, போய்வந்ததற்கு அடையாளமாக வழக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகப் படுத்துக்கொண்டார் என்பது தலவரலாறு. அவர் மாறிப் படுத்தது ஒரு தடவைதான். நான் தினமும் படுக்கிறேன். எனக்கு ஆணையிடுபவள் என் மனைவி. பாசுரமெல்லாம் கிடையாது, முழங்கைதான்.

எங்கள் வம்சத்தில் குறட்டை ஒரு குடும்பச் சொத்து. தாத்தாவின் குறட்டை தெருமுனை வரை கேட்குமாம். "உழைச்ச உடம்பு, அசந்து தூங்குது" என்று பெருமையாகச் சொல்வார்கள். நான் உழைக்காமலே அந்தப் பெருமையைக் காப்பாற்றி வந்தேன்.

"சத்தம் பழகிப்போச்சுங்க. நடுநடுவுல சத்தம் நின்னுடுது பாருங்க, அதுதான் பயமா இருக்கு" என்றாள் மனைவி. கல்யாணமான நாள் முதல் நான் வாயை மூடியதற்காக அவள் கவலைப்பட்டது அந்த ஒரு விஷயத்தில்தான்.

டாக்டர் முதலில் என் கழுத்தை டேப்பால் அளந்தார். சுற்றளவு 40 சென்டிமீட்டரைத் தாண்டினால் தூக்கத்தில் மூச்சடைப்போ என்று சந்தேகப்பட வேண்டுமாம். எனக்குச் சட்டை தைக்கிறவர் இத்தனை காலமும் அதே கழுத்தை அளந்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னதில்லை. பிறகு விளக்கினார். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. மல்லாந்து படுத்தால் நாக்கும் பின்னால் சரிகிறது. நனைந்த காகித ஸ்ட்ராவில் ஜூஸை உறிஞ்சினால் அது ஒட்டிக்கொள்வது போல, மூச்சை இழுக்க இழுக்க வழி அடைபடுகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது. மூளை பதறி எழுப்புகிறது, அட்ரினலின் பாய்கிறது, ரத்த அழுத்தம் எகிறுகிறது. இப்படி 10 விநாடியாவது மூச்சு அடைபட்டால் ஒரு தடவை என்று கணக்கு. மணிக்கு 5 தடவைக்குள் இருந்தால் மன்னிப்பு; 15 வரை லேசு; 30ஐத் தொட்டால் கடுமை. கவனிக்காமல் விட்டால் உயர் ரத்த அழுத்தம், இதயத் துடிப்பில் தாளம் தப்புதல், பக்கவாதம் என்று வரிசை நீள்கிறது.

நான் படுத்திருக்க, என் இதயம் மட்டும் விடிய விடிய ஓவர்டைம் பார்த்திருக்கிறது. அமெரிக்க இதயச் சங்கம் 2022இல் இதய நலத்துக்கான பட்டியலில் தூக்கத்தை எட்டாவதாகச் சேர்த்தது. சாப்பாடு, நடை, எடை என்று மற்ற பாடங்களில் நான் தேற மாட்டேன் என்பது ஊரறிந்தது. நம்பியிருந்த ஒரே பாடம் தூக்கம். அதிலும் பெயில்.

விரலில் கிளிப், மூக்கில் குழாய், மார்பில் பெல்ட் என்று ஓர் இரவு படுக்கவைத்துச் சோதித்தார்கள். முடிவு: லேசு வகை, ஒருக்களித்தால் தேவலை, மல்லாந்தால் மோசம். "வெயிட்டைக் குறைங்க, மல்லாக்கப் படுக்காதீங்க" என்றார் டாக்டர். முதல் பாதி என் காதில் விழவில்லை.

ஒருக்களிப்பது என்றால் எந்தப் பக்கம்? "இடது பக்கம்தான், சித்தர் தேரையரே சொல்லியிருக்கார்" என்றாள் அம்மா. "இதயம் இருக்கிற பக்கத்தை நசுக்கக் கூடாது சார்" என்றார் எதிர்வீட்டுக்காரர். டாக்டரிடம் கேட்டோம். குறட்டைக்கு எந்தப் பக்கமானாலும் சரி. நெஞ்செரிச்சல்காரருக்கு இடது நல்லது. இதயம் பலவீனமானவர்களில் பலருக்கு இடது பக்கம் படுத்தால் மூச்சுத் திணறும், வலதுதான் சௌகரியம் என்றார். எனக்கு இரண்டு பக்கமும் பொருந்தும் என்றதில் இரு கட்சிக்கும் ஏமாற்றம்.

மல்லாக்காமல் இருக்க ஒரு பழைய உபாயம் உண்டு. பனியன் முதுகில் பை தைத்து டென்னிஸ் பந்தைப் போடுவது. மனைவி தைத்தாள். மல்லாந்தால் பந்து குத்தும், புரள்வேன். காலையில் அதே பனியனோடு பால் பாக்கெட் எடுக்கப் போனேன். எதிர்வீட்டம்மாள், கட்டி எத்தனை நாளாக இருக்கிறது என்று விசாரித்து, வைத்தீஸ்வரன்கோயிலுக்கு வேண்டிக்கொள்ளச் சொன்னார்.

சுவிட்சர்லாந்தில் இன்னொரு வழி கண்டார்கள். டிட்ஜெரிடூ என்பது ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் நீண்ட மரக்குழல். அதை நான்கு மாதம் ஊதிப் பழகியவர்களுக்கு மூச்சடைப்பும் பகல்நேரத் தூக்கமும் குறைந்தன. கூடப் படுப்பவர்களுக்கு இருந்த தொல்லையும் குறைந்தது. 2006இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த இந்த ஆய்வுக்கு 2017இல் இக் நோபல் பரிசு கிடைத்தது, அதுவும் அமைதிக்கான பரிசு. "டிட்ஜெரிடூவுக்கு எங்கே போறது, நாயனம் கத்துக்கட்டுமா?" என்றேன். "ராத்திரி மட்டும்தான் சத்தம்னு நிம்மதியா இருந்தேன்" என்றாள்.

வாயில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு தூங்கும் மோகம் ஒன்றும் உலவுகிறது. மூக்கால் மூச்சு விடுவது நல்லதுதான். ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடு மூக்கையொட்டிய எலும்புக் குழிகளில் சுரக்கிறது. ஆனால் மூக்கடைப்போ தூக்கத்தில் மூச்சடைப்போ உள்ளவர்கள் வாயை ஒட்டுவது ஆபத்து என்று டாக்டர் தடுத்துவிட்டார். மனைவிக்கு வருத்தம். பகலில் ஒட்டலாமா என்று கேட்டாள்.

மிஞ்சியது நிதான மூச்சு. நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு விடுகிறோம். அதை 6 ஆக்கினால் ரத்த அழுத்தத்தைச் சமன்செய்யும் அனிச்சைச் செயல் கூர்மையாகிறது. ஜெபமாலையும் பௌத்த மந்திரமும் சொல்பவர்களின் மூச்சு தானாகவே 6க்கு வருவதை இத்தாலிய ஆய்வாளர்கள் 2001இல் காட்டினார்கள். அழுத்தம் சற்று இறங்கலாம். மாத்திரையை நிறுத்த அது அனுமதிச் சீட்டல்ல. நானும் கண்ணை மூடி உட்கார்ந்தேன். ஆறாவது மூச்சுக்குள் உட்கார்ந்தபடியே குறட்டை விட்டதாக வீட்டில் எல்லோரும் ஒருமனதாகச் சொல்கிறார்கள்.

இதற்கிடையில் டாக்டர் என் மனைவியைத் திரும்பிப் பார்த்து, "நீங்க எப்படித் தூங்குறீங்கம்மா?" என்றார். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் இந்த மூச்சடைப்பு கூடுகிறதாம். பலருக்குப் பெரிய சத்தம் இருக்காது. களைப்பு, தலைவலி, தூக்கமின்மையாக வரும். வீட்டுவேலை அலுப்பு என்று தள்ளிவிடுவார்களாம். பக்கத்தில் படுப்பவர்தான் கவனித்துச் சொல்ல வேண்டும் என்று என்னைப் பார்த்தார்.

பொறுப்பை உணர்ந்து ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்துப் படுத்தேன். அது அடித்ததாம். அவள் எழுந்து அணைத்துவிட்டு, மல்லாந்திருந்த என்னை ஒரு புரட்டுப் புரட்டிவிட்டுப் படுத்தாளாம்.

அவளுக்கு டாக்டரிடம் டோக்கன் வாங்கியாயிற்று. கூடப் போகிறவன் நான். ராத்திரியில் என்ன நடக்கிறது என்று அவர் கேட்டால் சொல்வதற்கு மகளையும் அழைத்துப் போகிறேன்.