முந்துவதா, விளங்கப்படுத்துவதா?

கேள்வி: தேர்தல் இரவு முடிவுகளை நாங்கள் மாணவர்களே நேரலையில் தரலாமா? கொழும்புத் தொலைக்காட்சிகளை முந்த முடியுமா? – ஒரு பல்கலைக்கழக மாணவி, ஒலுவில்

பதில்: தாராளமாகத் தாருங்கள் தங்கச்சி, முந்த வேண்டாம். எல்லாருக்கும் முடிவைத் தருவது தேர்தல் ஆணைக்குழுதான். நீங்கள் விளங்கப்படுத்துங்கள். 2024 ஜனாதிபதித் தேர்தலில் எவரும் 50 வீதத்தைத் தாண்டவில்லை; முதன்முறையாக இரண்டாம் விருப்பு வாக்குகளை எண்ணினார்கள். "அநுரவுக்கு 42 வீதம், முதலிடம், பிறகென்ன எண்ணுகிறார்கள்?" என்று கேட்ட உம்மாமாருக்குப் பதில் சொல்ல ஒரு கரும்பலகையும் சோக்கும் போதும்.

பாராளுமன்றத் தேர்தல் என்றால் இன்னும் ருசி. உங்கள் திகாமடுல்ல தேர்தல் மாவட்டத்தில் அம்பாறை, சம்மாந்துறை, கல்முனை, பொத்துவில் என நாலே தொகுதி, 7 ஆசனம். கூடிய வாக்கெடுத்த கட்சிக்கு ஒரு போனஸ். 5 வீதம் எடுக்காத கட்சிகள் வெளியே. மிச்சம் ஆறும் விகிதப்படி பங்கு. அந்தக் கழித்தலையும் பிரித்தலையும் கெமராவுக்கு முன்னால் போட்டுக் காட்டுங்கள், ஊரே உட்கார்ந்து பார்க்கும்.

தபால் வாக்கை வைத்து எவரையும் வெல்லவைத்துவிடாதீர்கள். வட்ஸ்அப்பில் வரும் எண்ணை, ஆணைக்குழு அறிவிக்கும்வரை வாசிக்காதீர்கள். தேத்தண்ணிப் பிளாஸ்க் இரண்டாக வையுங்கள். வேட்பாளர்களின் விருப்பு வாக்குகள் வர சுபஹும் தாண்டிவிடும்.