பரணிலிருந்து இறங்கிய பெட்டி

கேள்வி: அண்ணன் விளையாடிய பழைய பிளேஸ்டேஷன் 2 பரணில் கிடைத்தது. டிஸ்க் போட்டால் கரகரவென்று சத்தம்தான் வருகிறது. புது ஹார்ட் டிஸ்க் மாட்டலாமா?
– வாசகர், திருக்கோவிலூர்

பதில்: முதலில் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். குண்டு மாடலாக இருந்து, பின்னால் மூடி போட்ட அகலமான பொந்து தெரிந்தால் யோகம்தான். ஒல்லி மாடல் என்றால் அந்தப் பொந்தே கிடையாது, ஆசையை விட்டுவிடுங்கள்.

பொந்தில் நெட்வொர்க் அடாப்டர் மாட்ட வேண்டும். சோனி அதற்கென்று விற்றது 40 ஜிபி ஐடிஇ டிஸ்க். இன்று கடையில் கிடைப்பது சாட்டா. இரண்டுக்கும் ஜாதகம் பொருந்தாது! அடாப்டருக்குள் இருக்கும் ஐடிஇ பலகையைக் கழற்றிவிட்டு சாட்டா பலகையை வைத்தால் கல்யாணம் முடிந்தது. திருப்புளி போதும். கேமைத் தேடி ஓடவிட, மெமரி கார்டில் ஒரு குட்டி மென்பொருளும் வேண்டும்.

மழைக்கு மூன்று ஆழ்வார்கள் ஒதுங்கிய கதையில், உங்கள் ஊர் இடைகழியில் ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம். நாலாவதாகப் பெருமாளே வந்து நெருக்கினார். ஹார்ட் டிஸ்க் அப்படியெல்லாம் அனுசரித்துப் போகாது. ஒரு சாதாரண டிவிடி கேமுக்கு 4.7 ஜிபி வரை வேண்டும். 500 ஜிபியில் நூறு கேம் தாராளமாக அடங்கும்.

2009-இல் ஹைதராபாத்தில் உருவான ‘ஹனுமான்: பாய் வாரியர்’ டிஸ்க் அண்ணனிடம் இருந்தால், அதை முதலில் ஏற்றுங்கள்.