ஏழு நிமிட எச்சம்: ஆத்தூர்க் கேசட்டில் மெக்லாஃப்லின் குறித்த நுண்ணாய்வு

இளமையில் கேட்ட ஜாஸ் கிதார்க் கலைஞரை மீண்டும் கண்டடைதல் ஆத்தூர் வட்டாரத்தில் மூவகைப்படும்: பரண்வழி, பேரன்வழி, பழைய இரும்புக்கடைவழி. மூன்றாவதற்குச் சான்றில்லை. மூன்றாவது வகை இல்லாவிட்டால் ஆய்வேட்டை ஏற்கமாட்டார்கள் என்பதால் சேர்த்தேன்.

மூலம்: யார்க்‌ஷயர்க்காரர் ஜான் மெக்லாஃப்லின், வயலின் எல். சங்கர், தபேலா ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம் முதலானோருடன் 1975இல் மேடையில் வாசித்து, 1976இல் வெளியான ‘சக்தி’ குழுவின் இசைத்தட்டு. அந்நாளில் அவர் கிதாரில் வழக்கமான ஆறு கம்பிகளுக்குக் குறுக்கே சுருதிக் கம்பிகளும் ஓடின. இதைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள், விட்டுவிடுவோம்.

இசைத்தட்டின் முதல் பக்கத்தில் பதினெட்டு நிமிடச் சொச்சத்துக்கு ஒன்று, ஐந்து நிமிடத்துக்குள் ‘லோட்டஸ் ஃபீட்’. மறுபக்கம் முழுக்க ஒரே உருப்படி, 29 நிமிடம். ஆத்தூரில் அதை ஏற்றிய அறுபது நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு 30. ஆக மறுபக்கம் கச்சிதம். முதல் பக்கத்தில் ஏழு நிமிடம் எச்சம். இந்த ஏழு நிமிடத்துக்கு இதுவரை யாரும் முனைவர் பட்டம் வாங்கவில்லை.

ரெக்கார்டிங் கடைக்காரருக்கு எச்சம் ஆகாது. “மீதிய சும்மா வுட்டா டேப்பு வீணுங்களே சார்” (கல்லாப்பெட்டி உரைகள், தொகுதி 2). அவர் நிரப்பியது ‘இளைய நிலா’: 1982, பயணங்கள் முடிவதில்லை, கிதார் ஆர். சந்திரசேகர். மெக்லாஃப்லின் ஓய்ந்ததும் கொஞ்சம் இரைச்சல், ‘டக்’கென்று ஒரு சத்தம், உடனே சந்திரசேகரின் விரல்கள். இதுவும் சக்திக் குழுவின் உருப்படியே என்பது ஒரு தரப்பு (பேருந்து நிலைய டீக்கடைப் பெஞ்சு, இடது ஓரம், மாலைப் பதிப்பு). இல்லை, அடுத்து இன்னொரு பாட்டும் ஏறி, டேப் தீர்ந்ததால் பாதிச் சொல்லில் அறுந்தது என்பது எதிர்த்தரப்பு (மஞ்சள் கறை படிந்த உள்ளட்டை, பின்புறம், பென்சில் குறிப்பு, ஒப்பிடுக: கடைக்காரரின் மச்சான், ஜவ்வரிசி ஆலை வாசலில் குச்சிக்கிழங்கு லாரி எடைக்கு நின்றபோது அருளியது, மழைக்குப் பிந்தைய திருத்திய பதிப்பு). இரு தரப்பாரும் கேசட்டைக் கேட்டதில்லை. ஒருவரை ஒருவர் மேற்கோள் காட்டியே இணைப் பேராசிரியர்களாகிவிட்டார்கள்.

பேரன் தேடித் தரும் செல்போனில் ‘லோட்டஸ் ஃபீட்’ முடிந்ததும் நேராக 29 நிமிட உருப்படி வந்துவிடுகிறது. ஆத்தூர்க் காது இளைய நிலாவுக்குக் காத்திருந்து ஏமாறுகிறது. பாடபேதம் எது, மூலம் எது என்று அந்தக் காதிடம் யாரும் கேட்கவில்லை.

2024 பிப்ரவரியில் சக்தியின் ‘திஸ் மொமென்ட்’ தொகுப்புக்குக் கிராமி கிடைத்தது. ஆத்தூர்ப் பதிப்பாசிரியருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் இப்போது அதே கடையில் செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டுகிறார். ஓரத்தில் ஒரு குமிழி இருந்தாலும் விடமாட்டாராம் (வாடிக்கையாளர் வாய்மொழி, அச்சில்).