மாதுளைக்கு மோர்

போன ஞாயிற்றுக்கிழமை வந்த சித்தப்பா, நான் குளித்துவிட்டு வருவதற்குள் பால்கனியில் இருக்கும் மாதுளை போன்சாய்க்கு ஒரு சொம்பு புளித்த மோரை ஊற்றிவிட்டார். நாலு விரற்கடை ஆழமுள்ள தட்டைத் தொட்டி அது. வழிந்த மோர் கீழ்வீட்டு மாமி காயப்போட்டிருந்த வடாத்தின் மேல் இறங்கியது தனி வழக்கு. கேட்டால், "பூ கொட்டுதுன்னு சொன்னியேப்பா, அதான்" என்கிறார்.

மாதுளை போன்சாய்க்குக் கம்பி சுற்றும் முறையை விளக்கத்தான் உட்கார்ந்தேன். விளக்குகிறேன். அதற்குமுன் இந்த ஊற்றுகிற விவகாரத்தை முடித்துவிடலாம்.

நம் வீடுகளில் சாக்கடைக்குப் போகவேண்டிய எதுவும் நேரே போவதில்லை. வழியில் ஒரு செடியைப் பார்த்துவிட்டுத்தான் போகும். அரிசி களைந்த தண்ணீர், பருப்பு கழுவிய தண்ணீர், மீன் அலசிய தண்ணீர் என்று மூன்று கட்சிகள், மூன்றுக்கும் தீவிரத் தொண்டர்கள். டீத்தூள் கட்சி தனி. அவர்கள் தூளைச் சர்க்கரையோடு கொட்டுவார்கள், மறுநாள் எறும்புக்கும் ஒரு மருந்து சொல்வார்கள். வெங்காயத் தோலை ஊறவைத்து ஊற்றச் சொன்னவரிடம் "எத்தனை நாள் ஊறணும்?" என்று கேட்டேன். "நாத்தம் வர்ற வரைக்கும்" என்றார். வாழைப்பழத் தோல் பொட்டாசியமாம். முட்டை ஓடு கால்சியமாம். அதற்காக எதிர்வீட்டில் போய் முட்டை ஓடு வாங்கி வரும் பரம சைவர்களை எனக்குத் தெரியும். கேரி பேக்கில் சுற்றி, மல்லிகைப்பூ மாதிரி பத்திரமாகக் கொண்டுவருவார்கள். அந்த ஓடு மக்குவதற்குள் அவர்கள் வீடு மாறிவிடுவார்கள். காலாவதியான பி காம்ப்ளக்ஸ் மாத்திரையைத் தொட்டியில் புதைப்பவர்கள் உண்டு. மனிதனுக்கு ஆகாது என்று எழுதியிருக்கிறதே தவிர, மாதுளைக்கு ஆகாது என்று அட்டையில் எங்கே எழுதியிருக்கிறது? இருமல் மருந்து இன்னும் யாரும் ஊற்றவில்லை. இதைப் படித்துவிட்டு ஊற்றுவார்கள்.

மோருக்கு ஓர் ஆதாரம் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடிதம் வரும். இயற்கை விவசாயிகள் தேங்காய்ப்பாலையும் மோரையும் புளிக்கவைத்துத் தேமோர் கரைசல் தயாரிக்கிறார்கள். அதை வயலில், தண்ணீர் கலந்து, தெளிப்பார்கள். வயலில். தண்ணீர் கலந்து. தெளிப்பார்கள். இதில் எந்தச் சொல் சித்தப்பாவுக்குப் புரியவில்லை என்று தெரியவில்லை.

அதைவிட எரிச்சல், அந்தப் பூக்கள் கொட்டவேண்டிய பூக்கள்தான். மாதுளையில் இரண்டு வகைப் பூ வரும். அடி குறுகி மணி வடிவில் இருப்பது காய்க்காது, உதிர்ந்துவிடும். அடி பருத்துக் குடம்போல் இருப்பதுதான் காயாகும். இதை யாரிடம் சொன்னாலும், "அதெல்லாம் இல்லை, கண்ணு பட்டிருக்கு" என்கிறார்கள். சித்தி உடனே எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் கோத்துக் கட்டிவிட்டாள். என்னுடையது நானா என்கிற குட்டை ரகம். எலுமிச்சம்பழம் அதன் காயைவிடப் பெரிது, கட்டிய கிளை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. கம்பி சுற்றிப் பல மாதம் காத்திருந்தால் வரும் வளைவு, திருஷ்டிப் பழத்தால் ஒரே ராத்திரியில் வந்தது. தவறான திசையில்.

சாதாரண மாதுளையைத் தொட்டியில் குறுக்கினால் என்ன என்று கேட்பவர்களுக்கு: குறுக்கலாம். இலை சிறுத்துப்போகும், பழம் சிறுக்காது. சாண் உயர மரத்தில் கடையில் விற்கும் பருமனில் பழம் தொங்கினால் கிளைக்கு முட்டுக்கொடுத்தே காலம் கழியும். நர்சரியில் வாங்கும்போதே நானாவா என்று கேளுங்கள். எதைக் கேட்டாலும் "ஆமா சார்" என்பார்கள். பூவையும் இலையையும் நீங்களே பார்த்துக்கொள்ளவேண்டும்.

அடுத்து வாஸ்து. குள்ள மரம் வைத்தால் குடும்பம் வளராதாம். இதைச் சொன்னவர் வீட்டில் மரமே இல்லை. குடும்பம் வளர்ந்ததாகவும் தகவல் இல்லை. அப்புறம் ஜீவகாருண்யம்: "பாவம், கம்பியைச் சுத்திச் சித்திரவதை பண்றியே!" கையில் சிக்கன் பக்கோடா.

சித்திரவதை என்பவர்களுக்கு ஒரு மரத்தைச் சொல்கிறேன். வாஷிங்டனில் அமெரிக்கத் தேசிய மரப்பூங்காவில் ஒரு ஜப்பானிய வெள்ளைப் பைன் போன்சாய் இருக்கிறது. 1625 முதல் வளர்க்கப்பட்டு வருவது. ஹிரோஷிமாவில் யமாகி குடும்பத்தாரிடம் இருந்தபோது 1945-இல் அணுகுண்டு விழுந்தது. தோட்டச் சுவர் காப்பாற்றியது. 1976-இல் அமெரிக்காவுக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். அணுகுண்டு போட்ட நாட்டுக்கே மரம் கொடுக்கும் பெருந்தன்மை எனக்கு இல்லை. அந்த மரத்துக்குச் சித்தப்பாவும் இல்லை.

என் மரத்துக்கு வேண்டியது அதிகமில்லை. நாள் முழுக்க வெயில். நீர் தேங்காத மண்; ஆற்றுமணல், செங்கல் துண்டு, மக்கிய உரம் போதும். கோடையில் காலையும் மாலையும் வெறும் தண்ணீர். பூப்பது புதுத் துளிரின் நுனியில், ஆகவே பூக்கும் பருவத்தில் கத்தரிக்கோலை ஒளித்துவைக்கவேண்டும். என் வீட்டில் நான் ஒளித்துவைப்பது மோர்ச் சொம்பை.

கம்பி சுற்றுவது பற்றி எழுத இடமில்லை. தை முடிவதற்குள் தொட்டி மாற்றவேண்டும். சலித்த செங்கல் துண்டு கைவசம் இருப்பவர்கள் தெரிவிக்கவும். யோசனை கைவசம் இருப்பவர்கள் தெரிவிக்கவேண்டாம்.