எவரெஸ்டிலும் கடல், அரியலூரிலும் கடல்

கே: பூஜையில் இருக்கும் சாளக்கிராமம் ஒரு கடல் உயிரி என்கிறான் கல்லூரியில் படிக்கும் மகன். கோவிந்தராஜப் பெருமாளைச் சேவிக்கும் எனக்கு மனம் ஒப்பவில்லையே?
– வாசகி, சிதம்பரம்

ப: மகன் சொல்வது சரி, உங்கள் பூஜைக்கும் ஒரு குறையும் இல்லை. நேபாளத்தில் முக்திநாத் பக்கம் ஓடும் கண்டகி ஆறு உருட்டி வரும் கறுப்புக் கல் அது. பல சாளக்கிராமங்களில் தெரியும் சக்கரம், அம்மோனைட் என்ற கடல் உயிரியின் ஓடு. உற்றுப் பாருங்கள்: சுருளுக்குள் வரிசையாக அறைகள். வெளிப்புறக் கடைசி அறையில் மட்டும் உயிரி குடியிருந்தது. மற்றவற்றில் வாயு நிரப்பி மிதந்தது. சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் அது நீந்திய கடலின் பெயர் டெத்திஸ்.

கே: கடல் எப்படி மலையேறியது?
– மாணவர், கடலூர்

ப: கடல் ஏறவில்லை, கடலடி ஏறியது. வடக்கே நகர்ந்த இந்திய நிலத்தட்டு சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு மோத, நடுவில் படிந்திருந்த சேறும் சுண்ணாம்பும் மடிந்து மேலெழுந்தன. 8,849 மீட்டர் உயர எவரெஸ்டின் உச்சிப் பாறையே சுண்ணாம்புக்கல்தான். டிரைலோபைட் என்ற பழங்காலக் கடல் உயிரியின் துணுக்குகள் அதில் உண்டு.

கே: இமயமலை போக வசதியில்லை. நம் பக்கம் ஏதும் உண்டா?
– ஆட்டோ ஓட்டுநர், காட்டுமன்னார்கோவில்

ப: ஜெயங்கொண்டம் வழியாக அரியலூர் போங்கள், போதும். கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் கிரைஃபியா சிப்பிகள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. கீழோடு தடித்து வளைந்த கிண்ணம், மேலோடு அதற்கு மூடி. விருத்தாசலமும் சளைத்ததல்ல. 1840களில் கே, கன்லிஃப் என்ற ஆங்கிலேயர்கள் அங்கும் புதுச்சேரி, திருச்சி வட்டாரங்களிலும் சேகரித்த புதைபடிவங்களை இயற்கையியலாளர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து 1846இல் வெளியிட்டார்.

கே: அதுவும் டெத்திஸ் கடல்தானா?
– ஆசிரியை, புவனகிரி

ப: இல்லை. அண்டார்க்டிகாவோடு ஒட்டியிருந்த நம் கிழக்குக் கரை பிரிந்தபோது புகுந்த புதுக் கடல் அது. டெத்திஸ் மூடிப்போனது; இது பின்வாங்கியதோடு சரி. இன்று தேவனாம்பட்டினத்தில் அலையடிப்பது அதன் வாரிசு.

கே: திருவக்கரைக் கல்மரங்களும் கடலுக்குள் இருந்தவையா?
– வாசகர், பண்ருட்டி

ப: அல்ல. அவை கிடக்கும் பாறைக்குக் ‘கடலூர் மணற்கல்’ என்று உங்கள் மாவட்டத் தலைநகரின் பெயர். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆற்று வெள்ளம் அடித்து வந்த மரங்கள் அவை. வழியெல்லாம் முட்டி மோதி வந்ததில் கிளையும் வேரும் போய், அடிமரம் மட்டும் மிஞ்சியது.

கே: வயலில் சுருள் கல் கிடைத்தால் வீட்டுக்கு எடுத்து வரலாமா?
– விவசாயி, ஸ்ரீமுஷ்ணம்

ப: எடுக்கும் முன் படம் எடுங்கள். எந்த வயல், எவ்வளவு ஆழம், என்ன நிற மண் என்று குறித்துக்கொண்டு, அண்ணாமலைப் பல்கலைக்கழகப் புவி அறிவியல் துறையிடம் காட்டுங்கள். எந்த அடுக்கில் கிடந்தது என்று தெரியாவிட்டால் அதன் வயதைச் சொல்வது கடினம். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் நாள்தோறும் சிமென்டாகிறது. வீடு கட்ட அதுவும் வேண்டும்தான். ஆனால், வெட்டிய முகப்பை நொறுக்குமுன் ஒரு நாளாவது மாணவர்களை உள்ளே விட வேண்டும். சிமென்டு இன்னொரு ஊரிலும் கிடைக்கும். அந்தச் சிப்பி அடுக்கு ஒருமுறை போனால் போனதுதான்.